உளுந்துப் பூ ஏன் கொட்டுகிறது, இலைத் தெளிப்பு எதைக் காப்பாற்றுகிறது

மாசி பின்பாதியில் காவிரி டெல்டாவில் எந்த உரக்கடை வாசலில் நின்றாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "உளுந்து பூ கொட்டுது, என்ன அடிக்கலாம்?" கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார், அப்புறம் அதோடு சேர்க்க இன்னொன்று, கூடவே ஒரு ஒட்டுத் திரவம். பணம் கை மாறிவிடும். பூ ஏன் கொட்டுகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, கேட்க நேரமும் இல்லை. ஆனால் அதற்குப் பதில் தெரிந்தால்தான் எதைத் தெளிப்பது, எப்போது தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது என்பது பிடிபடும். சில வயல்களில் எதையும் தெளிக்காமல் இருப்பதே நல்லது என்பதும் அப்போதுதான் தெரியும்.

இந்தக் கட்டுரையில் நான் பெரும்பாலும் பேசப்போவது நெல் தரிசு உளுந்தைப் பற்றி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஏக்கருக்கு 10, 12 கிலோ விதையைத் தூவி விடுவார்கள். உழவு கிடையாது, அடியுரம் கிடையாது, பாசனமும் கிடையாது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு ஆற்றில் தண்ணீர் வராது. நெல் குடித்தது போக மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரமும் விடியற்காலைப் பனியும்தான் அந்தப் பயிருக்கு மூலதனம். 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும் பயிர் என்பதால் இந்த மூலதனத்திலேயே ஒரு மகசூல் எடுத்துவிட முடிகிறது. இது நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த அருமையான ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: பயிருக்குச் சத்து கொடுக்க மண் வழியாக வாய்ப்பே இல்லை. உழாத, காய்ந்துகொண்டே போகிற மண்ணின் மேல் உரத்தை வீசினால் அது அங்கேயே கிடக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேரைச் சென்றடைய மண்ணில் ஈரம் வேண்டும், மேல்மண் காய்ந்துவிட்டால் அது நகராது. ஆகவே இந்தப் பயிருக்கு எதைக் கொடுப்பதாக இருந்தாலும் இலை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். இலைவழித் தெளிப்பு மற்றப் பயிர்களுக்கு ஒரு கூடுதல் கவனிப்பு, நெல் தரிசு உளுந்துக்கோ அது ஒன்றுதான் வழி.

சரி, பூவுக்கு வருவோம்.

உளுந்தும் பாசிப்பயறும் விதைத்து 35, 40 நாளில் பூக்கத் தொடங்கும். பூத்ததில் பெரும்பங்கு காயாவதில்லை, பத்தில் ஏழு எட்டு உதிர்ந்துவிடும். துவரையில் இன்னும் மோசம், நூறு பூவில் பத்து இருபது நின்றாலே அது நல்ல செடி. இதை நோய் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நோய் இல்லை. செடி தன்னால் சோறு போட முடிகிற அளவுக்கு மட்டும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுகிறது. ஒரு பூங்கொத்தில் முதலில் திறக்கிற பூக்கள் பிஞ்சாகிவிட்டால் இலையில் தயாராகும் மாவுப்பொருளை அவை இழுத்துக்கொள்ளும், பின்னால் வருகிற பூக்களுக்குப் போதிய பங்கு கிடைக்காது. அப்போது பூக்காம்பின் அடியில் ஒரு மெல்லிய உதிர் அடுக்கு உருவாகிறது. இளம் பிஞ்சிலிருந்து ஆக்ஸின் என்கிற வளர்ச்சி ஊக்கி காம்பு வழியாகக் கீழே ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த அடுக்கு உருவாகாது. அந்த ஓட்டம் குறைந்து எத்திலீன், அப்சிசிக் அமிலம் ஆகியவற்றின் கை ஓங்கினால் பூ கழன்றுவிடும். வெயில் ஏறுவது, மண் காய்வது, மேகமூட்டம், செடிகள் அடர்ந்து ஒன்றுக்கொன்று நிழல் போடுவது எல்லாமே இந்தத் தராசை உதிர்வின் பக்கம் சாய்க்கிற விஷயங்கள். நெல் தரிசில் பூக்கும் நேரமும் மண் வறளும் நேரமும் வெயில் ஏறும் நேரமும் ஒன்றாக வந்து சேர்வதுதான் டெல்டா உளுந்தின் பிரச்சினையே.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நூறு பூவில் 15 காயாகிறது என்று வையுங்கள். இன்னும் 3 பூவை மட்டும் கூடுதலாக நிறுத்திவிட்டால் 18 காய். 85 பூ உதிர்ந்த இடத்தில் 82 உதிர்கிறது, கண்ணால் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, கீழே பூ கொட்டித்தான் கிடக்கும். ஆனால் காய் எண்ணிக்கை 20 சதவீதம் கூடிவிட்டது. அதனால்தான் "மருந்து அடிச்சும் பூ கொட்டுதே" என்று மூன்றாம் நாளே புலம்பி இன்னொரு பாட்டில் வாங்கப் போகக்கூடாது. பூ கொட்டுவதை எந்தத் தெளிப்பும் நிறுத்தாது. சில பூக்களைக் கூடுதலாக நிறுத்தும், அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுதானே மகசூலில் கணிசமாகத் தெரியும்.

நிறுத்தினால் மட்டும் போதாது, நிறுத்திய காயில் மணி பிடிக்க வேண்டும். உளுந்து மணியில் புரதம் ஏறத்தாழ 24 சதவீதம். அரிசியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. புரதம் என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்). ஏக்கருக்கு 300 கிலோ உளுந்து என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் அந்த மணிக்குள் மட்டும் 11 கிலோவுக்கு மேல் தழைச்சத்து போய் உட்கார்ந்திருக்கும். வேர் முடிச்சில் இருக்கிற ரைசோபியம் பாக்டீரியா அதைக் காற்றிலிருந்து பிடித்துத் தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது, ஆனால் பூத்துக் காய் பிடிக்கத் தொடங்கியதும் இலையில் தயாராகும் மாவுப்பொருளைக் காய்கள் இழுத்துக்கொள்வதால் வேர் முடிச்சு பட்டினி கிடந்து மூப்படைந்துவிடுகிறது. தேவை உச்சத்தில் இருக்கும்போது வரவு குறைகிறது. செடி என்ன செய்யும், தன் இலையில் இருக்கிற தழைச்சத்தையே உருவி மணிக்கு அனுப்பும். இலை மஞ்சளாகும், மஞ்சளான இலை சமைக்காது, சமையல் நின்றால் மேலே இருக்கிற பிஞ்சு சூம்பிப்போகும். காய் நிறைய இருந்தும் மணி சிறுத்து, நுனி மணி பொக்காகப் போவது இதனால்தான்.

ஆக, ஒரு பக்கம் பூவை நிறுத்துகிற ஊக்கி, இன்னொரு பக்கம் இலையைக் கொஞ்ச நாள் பச்சையாக வைத்திருக்கிற சத்து. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். வெறும் ஊக்கியை மட்டும் அடித்துப் பூவை நிறுத்திவிட்டுச் சோறு போடாமல் விட்டால் அந்தக் காய் பிறகு பிஞ்சாகவே உதிரும், அல்லது சூம்பும். கடைகளில் விற்கிற டானிக்குகளைப் பற்றி எனக்கு இருக்கிற முதல் குறை இதுதான், பூவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு மணியைப் பற்றிப் பேசுவதில்லை.

சத்து என்றால் இங்கே முதலில் வருவது பழைய, எளிய, மலிவான 2 சத டி.ஏ.பி. கரைசல். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி., 200 லிட்டர் தண்ணீர், பூக்கும் தருணத்தில் ஒரு தடவை, 15 நாள் கழித்து இன்னொரு தடவை. டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து. இரண்டு தெளிப்புக்கு 8 கிலோ என்றால் உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான தழைச்சத்து, மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமான மணிச்சத்து. மணிக்குள் போகிற 11 கிலோவோடு ஒப்பிட்டால் தழைச்சத்து எட்டில் ஒரு பங்குதான், அதுவும் தெளித்தது முழுவதும் இலைக்குள் நுழைந்தால். அப்படியானால் இது எப்படி வேலை செய்கிறது? முழு வயிற்றுக்கும் சோறு போடுவது இதன் வேலை இல்லை. இலை வாடத் தொடங்கும் அந்த இரண்டு வாரத்தில் அதைச் சற்றே தாங்கிப் பிடிப்பதுதான் வேலை. மணிச்சத்துக் கணக்கு வேறு மாதிரி, மணிக்குத் தேவையானதே ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோதான் என்பதால் இந்தத் தெளிப்பு அதில் நல்ல பங்கைத் தர முடியும், காய்ந்த மண்ணிலிருந்து அது வராத நேரத்தில்.

கரைக்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டி.ஏ.பி. குருணையைக் காலையில் டேங்கில் போட்டுக் கலக்கினால் கரையாது. முந்தின நாள் சாயங்காலமே 4 கிலோவை 10, 20 லிட்டர் தண்ணீரில் ஊற வைத்து, ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் அடியில் தங்கின கசடைக் கிளறாமல் மேலே தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டி எடுத்து, அப்புறம் 200 லிட்டருக்குக் கொண்டு வந்து மாலையில் தெளிக்க வேண்டும். வடிகட்டாமல் போட்டால் நாசில் அடைத்துக்கொண்டு பாதி வயலில் நிற்க வேண்டியதுதான். உப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர் என்று நாம் சொல்கிற போர் தண்ணீரில் கலக்கினால் மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து பால் மாதிரித் திரிந்து அடியில் படிந்துவிடும், அதனால் முடிந்தவரை நல்ல தண்ணீர். இதே காரணத்துக்காக டி.ஏ.பி. கரைசலோடு துத்தநாக சல்பேட்டையோ கால்சியம் சேர்ந்த எதையுமோ கலக்கக்கூடாது.

அடுத்தது அளவு. 200 லிட்டர் என்பது 10 லிட்டர் டேங்கில் 20 டேங்க், 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானில் 12, 13 டேங்க். வெயிலில் இதைச் சுமந்து அடிக்கிறவருக்கு இது பெரிய வேலை, அதனால் நடைமுறையில் ஏக்கருக்கு ஆறு, ஏழு டேங்கோடு முடித்துவிடுகிறார்கள். அப்போது 4 கிலோவை அந்தக் குறைந்த தண்ணீரிலேயே கரைத்தால் 2 சதவீதம் 4 ஆகிவிடும், இலை ஓரம் கருகும், மென்மையான பூ முதலில் கருகும். பூவைக் காப்பாற்ற அடித்தது பூவையே தின்றுவிடும். தண்ணீரைக் குறைத்தால் உரத்தையும் குறைக்க வேண்டும், 10 லிட்டருக்கு 200 கிராம், 16 லிட்டருக்கு 320 கிராம், இது மாறக்கூடாது. நிலத்தை 'மா' கணக்கில் பேசுகிறவர்களுக்கு, மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால் ஒரு மாவுக்கு 10 லிட்டர் டேங்கில் ஏழு டேங்க் போகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

மாலை நேரம் ஏன் என்று கேட்டால், இலையின் மேல் மெழுகு மாதிரி ஒரு தோல் இருக்கிறது, சத்து அதன் வழியே ஊறி உள்ளே போக இலை ஈரமாக இருக்கிற நேரம் நீள வேண்டும். பதினொரு மணி வெயிலில் அடித்தால் துளி சில நிமிடத்தில் காய்ந்து உப்பு மட்டும் இலை மேல் படிந்துவிடும், அது உள்ளேயும் போகாது, இலையையும் சுடும். மாலையில் அடித்தால் ராத்திரி பனியும் சேர்ந்து இலையை ஈரமாக வைத்திருக்கும். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும், அங்கே தோல் பொதுவாக மெல்லிசு. மழை வருகிற மாதிரி இருந்தால் தள்ளிப் போடுவதே சரி.

டி.ஏ.பி. கிடைக்காத வருடங்களும் உண்டு. அப்போது 2 சத யூரியா ஒரு மாற்று, வறட்சியான நிலத்துப் பயறுகளுக்கு வட இந்தியாவிலும் பரிந்துரைக்கப்படுவதுதான். மணிச்சத்து அதில் இல்லை, ஆனால் யூரியா இலைக்குள் வேகமாக நுழையும், இலையைப் பச்சையாக வைத்திருக்கும் வேலையை அது செய்துவிடும்.

இனி ஊக்கிகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயறுக்குச் சொல்வது இரண்டு: நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம், சுருக்கமாக என்.ஏ.ஏ., லிட்டருக்கு 40 மில்லிகிராம். சாலிசிலிக் அமிலம், லிட்டருக்கு 100 மில்லிகிராம். பூப்பதற்குச் சற்று முன்னால் ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று. என்.ஏ.ஏ. என்பது செயற்கை ஆக்ஸின். பிஞ்சிலிருந்து ஓட வேண்டிய ஆக்ஸின் குறையும்போது வெளியிலிருந்து அதைக் கொடுத்து உதிர் அடுக்கு உருவாவதைத் தள்ளிப்போடுகிறோம். பருத்தியில் சப்பை (பூ மொட்டு) உதிராமல் இருக்கவும் மிளகாயில் பூ உதிராமல் இருக்கவும் நம் விவசாயிகள் பிளானோஃபிக்ஸ் என்ற பெயரில் ரொம்ப காலமாக அடிப்பது இதைத்தான், அதில் 4.5 சதவீதம் என்.ஏ.ஏ. இருக்கிறது. இதே பொருளை ஆப்பிள் தோட்டங்களில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? அதிகமாகப் பிடித்த பிஞ்சை உதிர வைப்பதற்கு. எந்தப் பயிர், எந்தப் பருவம், எவ்வளவு அளவு என்பதைப் பொறுத்து அது நிறுத்தவும் செய்யும், உதிர்க்கவும் செய்யும். "கொஞ்சம் கூட ஊத்தினா நல்லா நிக்கும்" என்ற நினைப்பு இந்த ஒரு பொருளில் மட்டும் வரவே கூடாது. உரத்தில் கை தாராளமாக இருந்தால் காசு வீண், ஊக்கியில் கை தாராளமாக இருந்தால் காய் வீண். மூடியில் அளக்காமல் அளவுக்குழாயில் அளந்து ஊற்றுங்கள்.

சாலிசிலிக் அமிலம் செடிகளே தமக்குள் தயாரித்துக்கொள்கிற ஒன்று. வெயிலும் வறட்சியும் செடியின் உயிரணுக்களுக்குள் உண்டாக்குகிற சேதத்தைத் தாங்கிக்கொள்ளும் தற்காப்பைத் தூண்டிவிடுவது அதன் வேலை. 200 லிட்டருக்கு 20 கிராம்தான், ஒரு கைப்பிடிகூட வராது. ஆறிய தண்ணீரில் லேசில் கரையாது, கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொண்டு பிறகு கலக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக எடை போட வீட்டில் தராசு கிடையாது என்பதுதான் இந்தப் பரிந்துரை பரவலாகப் போய்ச் சேராமல் இருந்ததற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததுதான் பயறு ஒண்டர். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் வினையியல் துறை உருவாக்கியது, சத்துகளும் வளர்ச்சி ஊக்கிகளும் ஒரே பொடியில் கலந்திருக்கும். ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீர், பூக்கும் பருவத்தில் ஒரு தெளிப்பு. பூ உதிர்வது குறையும், வறட்சியைத் தாங்கும், மகசூல் 10 முதல் 20 சதவீதம் வரை கூடும் என்பது பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு. நான் மேலே சொன்ன இரண்டு வேலையும், அதாவது பூவை நிறுத்துவதும் மணிக்குச் சோறு போடுவதும், ஒரே பையில் இருக்கிறது என்பதாலும் விவசாயி மில்லிகிராம் கணக்குப் போட வேண்டியதில்லை என்பதாலும் எனக்கு இது பிடித்த ஏற்பாடு. ஆனால் இதை அடித்த வயலில் அப்புறம் தனியாக என்.ஏ.ஏ.யும் அடிப்பது, கூடவே இன்னொரு டானிக்கும் சேர்ப்பது என்று போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊக்கியின் மேல் ஊக்கி ஏற்றாதீர்கள். ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள், அதோடு நில்லுங்கள்.

எப்போது என்பதில் இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'பூக்கும் பருவம்' என்றால் வயலில் முதல் பூ தென்பட்ட நாள் இல்லை, முக்கால்வாசி காயாகிவிட்ட நாளும் இல்லை. வயலில் குறுக்கே நடந்து பார்த்தால் பாதிச் செடிக்கு மேல் பூ திறந்திருக்க வேண்டும், அதுதான் டி.ஏ.பி.யின் முதல் தெளிப்புக்கும் பயறு ஒண்டருக்கும் நேரம். தூவி விதைத்த தரிசு உளுந்தில் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஒரு வயலுக்குள்ளேயே நாலைந்து நாள் வித்தியாசம் வரும், அதனால் வரப்போரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறாகப் போகும். நாள் கணக்கை விடப் பூவைப் பாருங்கள். காய் முற்றத் தொடங்கிய பிறகு அடிப்பது வீண் செலவு, அந்த இலை அப்போது எதையும் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்காது.

இப்போது, தெளிப்பு செய்ய முடியாததைப் பற்றி. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

சதுர மீட்டருக்கு 33 செடி இருந்தால் அது சரியான உளுந்து வயல். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குக் கயிறு பிடித்து எண்ணிப் பாருங்கள், பல வயல்களில் 15, 18தான் இருக்கும். இதற்கு அறுவடை இயந்திரம் ஒரு பெரிய காரணம். கையால் அறுத்த காலத்தில் உளுந்து முளைத்து நிற்கிற வயலுக்குள் ஆட்கள் கால் பதித்து நடந்தார்கள், செடிக்குப் பெரிய சேதம் இல்லை. இப்போது பெல்ட் வண்டி இறங்கினால் அது போன தடத்தில் முளை நசுங்குகிறது, மண் இறுகுகிறது, கொட்டின வைக்கோல் மூடி மற்ற இடத்தில் முளை வெளுக்கிறது. அறுவடை முடிந்த பிறகு விதைக்கலாம் என்றால் அதற்குள் மெழுகுப் பதம் போய்விடுகிறது. இது விவசாயியின் தவறு இல்லை, அறுப்புக்கு ஆள் கிடைக்காத ஊரில் வேறு வழியும் இல்லை. ஆனால் பாதிச் செடி இல்லாத வயலில் இருக்கிற செடிக்குப் பயறு ஒண்டர் அடித்து 15 சதவீதம் கூட்டினாலும் முழுச் செடி நிற்கிற, எதுவும் அடிக்காத வயலை அது எட்டிப் பிடிக்காது. விதை நேர்த்தி செய்து, ரைசோபியம் கலந்து, அறுப்பு இயந்திரம் வரும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதற்கு ஏற்ப விதைக்கிற நாளைத் தள்ளி வைப்பது, வைக்கோலைச் சீக்கிரம் அப்புறப்படுத்துவது, இவையெல்லாம் தெளிப்புக்கு முன்னால் வருகிற வேலைகள்.

இரண்டாவது, பூச்சி நோயால் உதிர்கிற பூ. பூவை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள், இலைப்பேன் ஓடினால் அந்த உதிர்வுக்கு ஊக்கி மருந்தில்லை. பூவும் பிஞ்சும் நூலாம்படை போட்டு ஒட்டிக்கிடந்தால் அது புள்ளிக் காய்ப்புழு. மஞ்சள் தேமல் வந்த செடிக்கு டானிக் அடித்து மீட்கவே முடியாது, அது வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ், முதலில் தெரிந்த செடியைப் பிடுங்கி எறிவதும், வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வம்பன் 8 மாதிரி தாங்கும் ரகங்களை விதைப்பதும்தான் வழி. இலை மஞ்சளானதும் சத்துக்குறை என்று நினைத்து டி.ஏ.பி. அடிப்பவர்கள் உண்டு. சத்துக்குறை மஞ்சள் கீழ் இலையில் தொடங்கிப் பரவலாக வரும், தேமல் இளம் இலையில் திட்டுத் திட்டாக, பளிச்சென்று வரும். குழம்பினால் செடியோடு வேளாண் அலுவலரிடம் காட்டிக் கேட்பது பாட்டிலை வாங்குவதை விட நல்லது.

அந்தப் பாட்டில்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். என்.ஏ.ஏ. மாதிரியான வளர்ச்சி ஊக்கிகள் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டியவை. கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம் என்று வருகிற 'உயிரூக்கி' வகைகள் நீண்ட காலம் எந்தச் சட்டத்துக்குள்ளும் வராமல் இருந்தன, 2021 பிப்ரவரியில்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டு வந்தார்கள். ஒரு காலத்தில் சுமார் 30,000 உயிரூக்கிப் பொருள்கள் கட்டுப்பாடில்லாமல் விற்றுக்கொண்டிருந்தன, கெடுபிடிக்குப் பிறகு 650 அளவுக்குக் குறைந்துவிட்டது என்று 2025 ஜூலையில் ஒன்றிய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகானே சொன்னார். இத்தனை வருடம் நம் ஆட்கள் எதற்கெல்லாம் காசு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பாட்டிலில் என்ன பொருள், எத்தனை சதவீதம், எந்தப் பயிருக்கு, பதிவு எண், காலாவதி நாள், இவை அச்சில் இல்லாத எதையும் வாங்காதீர்கள். 'அதிசயப் பூ பிடிப்பான்' என்று பெரிய எழுத்தில் போட்டு உள்ளடக்கத்தைச் சொல்லாத பாட்டில் உங்கள் வயலுக்கு வேண்டாம். பில் வாங்குங்கள்.

அதற்காக உயிரூக்கி எல்லாமே பொய் என்று சொல்ல வரவில்லை. கப்பாஃபைகஸ் கடற்பாசியின் சாறில் செடி ஊக்கிகள் இருப்பது உண்மை, மண்டபம் கடற்கரையில் பெண்கள் வளர்த்தெடுக்கிற பாசிதான் அது, அதிலிருந்து சாறு பிழிந்து இலைத் தெளிப்பாக்கும் முறையை பாவ்நகரில் இருக்கிற மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. இயற்கை முறையில் போகிறவர்கள் 3 சத பஞ்சகவ்யாவும், தேங்காயும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த தேமோர்க் கரைசலும் அடிக்கிறார்கள். இளநீரில் செடி உயிரணுக்களைப் பிரிய வைக்கும் ஊக்கி இருக்கிறது என்பதும், திசு வளர்ப்புக் கூடங்களில் அதை வெகுகாலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான், ஆகவே தேங்காய் சேர்ந்த கரைசல்களை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சிக்கல் என்னவென்றால் வீட்டில் செய்கிற கரைசலின் வீரியம் பானைக்குப் பானை மாறும், வடிகட்டுவதில் குறை இருந்தால் நாசில் அடைக்கும்.

செலவு வரவு பார்த்துவிடலாம். டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ 1,350 ரூபாய் என்றால் இரண்டு தெளிப்புக்கான 8 கிலோவின் விலை 216 ரூபாய். மேலே ஆள்கூலி, அது ஊருக்கு ஊர் மாறும், உண்மையான செலவே அதுதான். உளுந்துக்கு 2025-26 குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். 300 கிலோ விளைகிற ஏக்கரில் 10 சதவீதம் கூடினால் 30 கிலோ, 2,340 ரூபாய். கூலி கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். ஆனால் 150 கிலோ விளைகிற, செடி அடர்த்தி இல்லாத வயலில் அதே 10 சதவீதம் 1,170 ரூபாய்தான், இரண்டு தடவை ஆள் வைத்து அடித்தால் கைக்காசு போனாலும் போகும். தெளிக்க வேண்டாம் என்று முதலில் சொன்னது இந்த வயல்களைத்தான். நாட்டுக் கணக்கு வேறு: உலகத்திலேயே அதிகமாகப் பயறு விளைவிப்பதும் தின்பதும் வெளியிலிருந்து வாங்குவதும் நாம்தான், 2024-25-ல் இறக்குமதி மட்டும் 70 லட்சம் டன்னைத் தாண்டியது, நம் இட்லிக்கு வருகிற உளுந்தில் ஒரு பங்கு மியான்மரிலிருந்து வருகிறது. துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூன்றிலும் தன்னிறைவு என்று ஆறு வருட இயக்கம் ஒன்றை 2025-ல் ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அந்த இயக்கத்தின் பணத்தில் ஒரு பங்கு டெல்டாத் தரிசில் விதைப்புக்கும் தெளிப்புக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.

ஆள் கிடைக்காத ஊர்களில் இப்போது ட்ரோன் வந்துவிட்டது, அதில் ஒரு எச்சரிக்கை. ட்ரோன் ஏக்கருக்கு ஏறத்தாழ 10 லிட்டர்தான் தெளிக்கும். 200 லிட்டருக்கு உரிய 4 கிலோ டி.ஏ.பி.யை அந்த 10 லிட்டரில் கரைத்தால் 40 சதக் கரைசல், இலையை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பயறு ஒண்டர் 2 கிலோவைப் போட்டாலும் 20 சதவீதம். ட்ரோனுக்கென்று தனி அளவு கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கலக்க வேண்டும், கைத்தெளிப்பான் கணக்கை அப்படியே அங்கே ஏற்றக்கூடாது.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துத் துவரைக்கும் அடிப்படை இதேதான், ஆனால் அங்கே மண்ணில் அடியுரம் போட வாய்ப்பு இருக்கிறது, பயிர்க்காலமும் நீளம், நுனி கிள்ளிக் கிளை பெருக்குகிற வழக்கமும் உண்டு. பூக்கும் காலமும் நீளம் என்பதால் ஒரு தெளிப்பில் கிடைக்காததை இரண்டாவதில் பிடிக்க இடம் இருக்கிறது. உளுந்துக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்தப் பட்டத்தில் தெளிக்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வயலின் நடுவில், வரப்போரம் இல்லாத இடத்தில், நாலு குச்சி நட்டு ஒரு பட்டையைத் தெளிக்காமல் விடுங்கள், பக்கத்துப் பட்டையில் தெளித்த காற்று அதில் படாத அளவுக்கு அகலமாக. அறுப்புக்கு முன்னால் உள்ளே பத்துச் செடி, வெளியே பத்துச் செடி, கண்ணை மூடிக்கொண்டு பிடுங்குகிற மாதிரித் தேர்ந்தெடுக்காமல் பிடுங்கி, காயை எண்ணி, மணியைத் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். காய் கூடி மணி எடை கூடவில்லை என்றால் அடுத்த வருடம் சத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டுமே கூடவில்லை என்றால் தெளித்த நேரமோ அளவோ தவறியிருக்கலாம், அல்லது பூ உதிர்ந்ததற்குக் காரணமே வேறாக இருக்கலாம். அந்தப் பத்துச் செடியைத் தூக்கிப் போட்டுவிடாமல் வேரையும் பிளந்து பாருங்கள், முடிச்சு எத்தனை இருந்தது என்பதும் அடுத்த தை மாதம் விதை நேர்த்தி செய்யும்போது உதவும்.